டிசம்பர் டிக்கெட்டும் பள்ளிக்கூட நிமிடக் கணக்கும்

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் பள்ளி அலுவலகத்தில் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். எல்லாருக்கும் ஒரே விஷயம்தான். "அக்கா, டிசம்பர்ல ஊருக்குப் போறோம். டிக்கெட் போட்டாச்சு. பையனுக்கு அந்த இண்டிபெண்டெண்ட் ஸ்டடி போட்டுக் குடுத்துடுங்களேன்." பிள்ளை பள்ளிக்கு வராத நாட்களில், பள்ளியோடு எழுதிப் போட்ட ஒப்பந்தப்படி, ஆசிரியர் தரும் வேலையை வீட்டிலிருந்தே செய்து கொடுக்கும் ஏற்பாடுதான் அந்த இண்டிபெண்டெண்ட் ஸ்டடி.

நான் கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குப் பக்கம் இருக்கும் ஊர் ஒன்றில், தொடக்கப் பள்ளி அலுவலகத்தில் அட்டெண்டன்ஸ் பார்க்கிறேன். தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் மற்ற பள்ளிப் பெற்றோர்கூட என் எண்ணை யாரிடமாவது வாங்கிக் கேட்பார்கள். கேள்விகள் பலவிதம். ஆனால் அடியில் இருக்கும் நினைப்பு ஒன்றுதான்: பிள்ளை வகுப்பறையில் உட்கார்ந்தாலும் தாத்தா வீட்டில் குரோம்புக் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாலும், உட்கார்ந்த நேரத்தைப் பள்ளி கணக்கு வைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பள்ளிக்குள் ஒரு கணக்கு, வீட்டில் இருந்தால் வேறு கணக்கு. இரண்டும் வேறு வேறு என்று புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

முதலில் பள்ளிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் ஓர் ஆண்டுக்குப் பள்ளி 180 நாட்கள் நடக்க வேண்டும். அது போக, வகுப்புவாரியாக ஆண்டுக்குக் குறைந்தபட்ச நிமிடங்களும் உண்டு: கிண்டர்கார்டனுக்கு 36,000, ஒன்று முதல் மூன்று வரை 50,400, நான்கு முதல் எட்டு வரை 54,000, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 64,800. ஒரு நாளுக்கும் அடிமட்டம் இருக்கிறது. கிண்டர்கார்டன் 180 நிமிடம், ஒன்று முதல் மூன்று வரை 230, அதற்கு மேல் 240. மதியச் சாப்பாட்டு நேரம் இதில் சேராது. கிண்டர்கார்டனைத் தவிர மற்ற சின்ன வகுப்புகளுக்கு ரீசஸும், அதாவது விளையாட்டு இடைவேளையும், சேராது. டெக்ஸாஸில் 75,600 நிமிடம் என்று சொல்வார்கள்; பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அங்கே இடைவேளைகளையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். டாலஸில் இருக்கும் சொந்தக்காரர் சொன்ன எண்ணை இங்கே கொண்டுவந்து ஒப்பிட்டு, "உங்க ஊர்ல பாடமே நடத்துறதில்லையா" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இந்த நிமிடங்களை எப்படிப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார்கள் என்று பெற்றோருக்குத் தெரியாது. நான்காம் வகுப்பு காலை 8.20-க்குத் தொடங்கி 2.40-க்கு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 380 நிமிடம். சாப்பாட்டுக்கு 40, ரீசஸுக்கு 20 போனால் 320. புதன்கிழமை மட்டும் ஆசிரியர் கூட்டத்துக்காக 1.20-க்கே விட்டுவிட்டால் அன்றைக்கு 240. வாரத்தில் நான்கு நாள் 320, ஒரு நாள் 240 என்று 36 வாரம் ஓட்டினால் ஆண்டுக்கு 54,720. தேவை 54,000. கையில் மிச்சம் 720 நிமிடம். இலையுதிர் காலத்தில் ஒரு வாரம், வசந்தத்தில் ஒரு வாரம் பெற்றோர் சந்திப்புக்காக எல்லா நாளும் 1.20-க்கே விட வேண்டும். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 80 நிமிடம், இரண்டு வாரம்: 640 போயிற்று. மிச்சம் 80. அதாவது இன்னும் ஒரே ஒரு நாள் சீக்கிரம் விடலாம், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள் அரை நாளாக விட்டால் என்ன என்று பெற்றோர் சங்கத்தில் கேட்கும்போது தலைமையாசிரியர் சிரித்து மழுப்புவதற்குக் காரணம் இந்த 80. ஆண்டுக் கணக்கில் குறைந்தால் அந்த வகுப்புகளுக்கு வரும் பணத்தில், எவ்வளவு குறைந்ததோ அதே விகிதத்தில் வெட்டு விழும்.

இதெல்லாம் பள்ளி வழங்க வேண்டிய நிமிடம். பிள்ளை வந்ததாகக் கணக்கெடுப்பது தனி விஷயம், அது தலைகீழாக இருக்கும். சாதாரண வகுப்பறைப் பள்ளியில் பிள்ளை அன்றைக்கு ஒரு பகுதி நேரம் வந்திருந்தாலே வருகைப் பணத்துக்கு அது முழு நாள். பல் டாக்டரிடம் போய்விட்டு 11 மணிக்குக் கொண்டுவந்து விட்டாலும் சரிதான். அதனால்தான், "இன்னைக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கு, லீவு போட்டுடுறேன்" என்று யாராவது சொன்னால், "காலையில ஒரு மணி நேரம் விட்டுட்டு அப்புறம் கூட்டிட்டுப் போங்களேன்" என்று நான் நச்சரிப்பேன். கலிஃபோர்னியா பள்ளிகளுக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குப் பணம் வருவதில்லை. சராசரியாகத் தினமும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குத்தான் வருகிறது. காய்ச்சல் என்று நியாயமான காரணம் சொன்னாலும் அந்த நாள் பணம் வராது. 1990-களின் கடைசியில் வந்த மாற்றம் இது. அதற்கு முன்னால் காரணம் உள்ள விடுப்பையும் வருகையாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வீட்டுக்கு வருவோம். இண்டிபெண்டெண்ட் ஸ்டடியில் உடம்பு எங்கே இருந்தது, எத்தனை மணி நேரம் திரை முன் இருந்தது என்பதற்கு மதிப்பில்லை. பிள்ளை செய்து கொடுத்த வேலையை உரிமம் பெற்ற ஆசிரியர் கையில் வாங்கிப் பார்த்து, இதைச் செய்ய இந்த வகுப்புப் பிள்ளைக்கு எத்தனை நாள் வேலை ஆகும் என்று மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பில் வருவதுதான் வருகை. நேரலை வகுப்பில் கலந்துகொண்டிருந்தால் அந்த நேரத்தையும் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால், "என் பொண்ணு தினமும் ஆறு மணி நேரம் உக்காந்து படிச்சா, லாகின் பாருங்க" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அதை வைத்து நான் ஒரு நாள்கூடப் போட முடியாது. அதே மாதிரி, பத்து நாள் வேலையை ஒரு பிள்ளை நான்கு நாளில் முடித்துவிட்டால் தண்டனையும் இல்லை, போனஸும் இல்லை. பத்து பள்ளி நாளுக்கு ஒப்பந்தம் போட்டால் பத்துக்கு மேல் வரவே வராது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு கணிப்பு உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினோம். அந்த ஜூன் மாதக் கடைசியில் எஸ்பி 98 என்ற சட்டம் வந்தது. 2020-21 ஆண்டு முழுவதும் தொலைக்கல்விக்கு அதுதான் விதி. நாளுக்கு 180, 230, 240 என்ற அதே அடிமட்ட நிமிடங்கள். ஆனால் ஜூமில் நடந்த நேரமும், பிள்ளை தனியே செய்த வேலைக்கு ஆசிரியர் போட்ட நேர மதிப்பும் சேர்த்து அதை எட்டினால் போதும். பணத்துக்கு முந்தின ஆண்டின் வருகையையே எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையும் தினமும் ஏதாவது ஒரு விதத்தில் பங்கெடுத்ததா என்று எழுதிவைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு பதிவேடு நிரப்ப வேண்டும். ஒரு வாரத்தில் 60 சதவீத நாட்கள் காணவில்லை என்றால் வீட்டுக்குப் போன் போட வேண்டும். அந்தப் போன்கள் பெரும்பாலும் என் தலையில்தான் விழுந்தன. ஊரிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட பாட்டிகள்தான் பல வீடுகளில் எடுப்பார்கள். "அவன் இருக்கானே கண்ணு, இங்கதான் டிவிக்குள்ள டீச்சர்கிட்ட பேசிக்கிட்டிருக்கான்" என்று ஒரு பாட்டி சொன்னார். போய்ப் பார்க்கச் சொன்னேன். வேறு வகுப்பு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஓராண்டில் பெற்றோர் மனதில் பதிந்தது இதுதான்: ஜூமில் சதுரம் தெரிந்தால் வருகை. அந்தச் சட்டத்தின் ஆயுள் 2021 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. அடுத்த மாதமே ஏபி 130 என்ற சட்டம் வந்து, பள்ளிக்கு வர முடியாதவர்களுக்கு இண்டிபெண்டெண்ட் ஸ்டடிதான் வழி என்று ஆக்கியது. பழைய சட்டம், புதுச் சட்டை. ஆனால் பெற்றோரிடம் யார் போய் இதை விளக்கினார்கள்? யாரும் இல்லை. பள்ளியிலிருந்து வந்த கடிதங்களில், "ஆன்லைன் கற்றல்" என்று பொதுவாக இருந்ததைப் படித்துவிட்டு, பழையது தொடர்கிறது என்றே எல்லாரும் இருந்துவிட்டார்கள். இதில் பெற்றோர் மேல் பழி போட எனக்கு மனமில்லை.

சரி, பாக்கெட், அதாவது ஆசிரியர் கொடுத்தனுப்பும் வேலைக் கட்டு, எப்படி இருக்கும், எது தேறும், எது தேறாது? ஜனவரியில் என் மேசைக்கு வரும் காகித உறைகளில் இருந்து சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உறை. கும்பகோணத்தில் பாட்டி வீட்டில் இருந்திருக்கிறது. கணக்குத் தாள்கள் பதினைந்தும் ஒரே நீலப் பேனாவில், ஒரே சாய்வில். கடைசித் தாளில் மட்டும் விமானத்தில் தரும் டொமேட்டோ ஜூஸ் கறை. படித்த நேரக் குறிப்பில் எல்லா நாளும், "20 நிமிடம்" என்று அம்மா கையெழுத்து. ஆசிரியை உறையை எடுத்துக்கொண்டு போய்விட்டு அரை மணியில் திரும்பி வந்தார். கணக்குத் தாளை அவர் குறை சொல்லவில்லை. ஒரே இரவில் செய்திருந்தாலும் செய்தது பிள்ளைதான் என்று தெரிந்ததால் ஒத்துக்கொண்டார். எழுத்து வேலைதான் உதைத்தது. நாளுக்கு ஒரு பத்தி நாட்குறிப்பு கேட்டிருந்தார்; பிள்ளை ஐந்து நாளுக்குத்தான் எழுதியிருந்தது. அந்த ஐந்தும் அருமை. மகாமகக் குளத்தில் தண்ணீர் பச்சையாக இருந்ததையும், வெற்றிலை வாங்கப் போன இடத்தில் மாடு பையைப் பிடித்து இழுத்ததையும் எழுதியிருந்தது. ஆனால் பத்து நாள் வேலைக்கு அது போதவில்லை. ஏழு நாளைக்குத்தான் மதிப்புப் போட்டார். மிச்சம் மூன்று நாளும் காரணமில்லா விடுப்பு.

மூன்று நாள் என்றால் பெரிதாகத் தெரியாது. ஆனால் கலிஃபோர்னியாவில் ஒரு கல்வி ஆண்டில் காரணமில்லாமல் மூன்று முழு நாள் வராவிட்டாலோ, மூன்று தடவை 30 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தாலோ சட்டப்படி அந்தப் பிள்ளை, "ட்ரூயண்ட்", அதாவது மட்டம் போடும் பிள்ளை. கணினி தானாகவே கடிதம் அடித்துவிடும். மாவட்ட வழக்கறிஞர் வரைக்கும் பேசும் அந்தக் கடிதத்தைப் பார்த்து அந்த அம்மா நேரில் வந்துவிட்டார். மூன்று நாளுக்கான நாட்குறிப்பை இப்போது எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டார். வேலையை ஒப்படைக்க ஒப்பந்தத்தில் போட்ட தேதி தாண்டிவிட்டதால் வழியில்லை. நியாயமாக அந்தக் கடிதத்தின் தொனியை மாற்ற வேண்டும் என்று நான் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது வேறு கதை.

இதிலிருந்து நான் எல்லாரிடமும் சொல்வது: பாக்கெட் கைக்கு வந்த அன்றே ஆசிரியரிடம், "எது எது இருந்தால் முழு நாட்களும் கிடைக்கும்?" என்று நேராகக் கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் செய்த தாளில் பிள்ளையே தேதி போடட்டும். செயலியில் செய்யும் வேலை என்றால் ஊரில் வைஃபை படுத்தினால் என்ன செய்வது, காகிதத்தில் மாற்று உண்டா என்று கிளம்புமுன் கேளுங்கள். திரும்பும்போது உறையை செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். பெட்டி துபாயில் தங்கிவிட்டதால் வேலையை ஒப்படைக்க முடியாமல் போன வீடும் எங்கள் பள்ளியில் உண்டு. ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்துவைத்திருந்தால் அதையாவது காட்டியிருக்கலாம்.

ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு: ஆடிட். ஒவ்வோர் ஆண்டும் வெளித் தணிக்கையாளர் வந்து இண்டிபெண்டெண்ட் ஸ்டடி கோப்புகளில் சிலவற்றை அவர் இஷ்டத்துக்கு எடுப்பார். ஒப்பந்தத்தை முதலில் புரட்டுவார். பிள்ளை, பெற்றோர், மேற்பார்வை ஆசிரியர் என்று கையெழுத்துகள் இருக்கிறதா, பக்கத்தில் தேதி இருக்கிறதா, தொடக்க நாளும் முடியும் நாளும் இருக்கிறதா, வேலை ஒப்படைக்கும் முறை எழுதியிருக்கிறதா. அப்புறம் வேலை மாதிரி ஒன்றை எடுத்து, ஆசிரியர் சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பார். விரலை அந்தத் தேதியில் வைத்துக்கொண்டே நான் கொடுத்த வருகைப் பட்டியலில் அதே நாளைத் தேடுவார். அவர் பேசவே மாட்டார். பென்சில் நின்றால்தான் நமக்குத் திக்கென்று இருக்கும். ஒரு கையெழுத்து இல்லை என்றால் அந்தப் பிள்ளை செய்த வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த நாட்களின் பணம் திரும்பப் போகும். ஆகவே உங்கள் கையெழுத்துக்கு நான் மூன்று முறை நினைவூட்டல் அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். கிண்டர்கார்டன் குழந்தை கிறுக்கினாலும் போதும். மின்னணுக் கையெழுத்து செல்லும்.

அடுத்தது 15 நாள் கோடு. இது ரொம்ப முக்கியம், டிக்கெட் போடுமுன் பார்க்க வேண்டியது இதைத்தான். ஓர் ஆண்டில் 15 பள்ளி நாட்கள் வரை குறுகிய காலம். 16-ஆம் நாள் தொடங்கிவிட்டால் நீண்ட காலம், விதிகள் மாறிவிடும். கையெழுத்தெல்லாம் தொடங்குமுன்பே முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு வரைக்கும் தினமும் நேரலைப் பாடத்துக்கு வாய்ப்புத் தர வேண்டும். நான்கு முதல் எட்டு வரை தினமும் நேரலைத் தொடர்பு, வாரத்துக்கு ஒரு தடவையாவது நேரலைப் பாடம். உயர்நிலைப் பள்ளிக்கு வாராவாரம் நேரலைப் பாடம். குளிர்காலத்தில் இங்கே காலை 8.20 என்றால் சென்னையில் இரவு 9.50. ஏழு வயதுப் பிள்ளையை அந்த நேரத்துக்குத் தினமும் உட்கார வைப்பேன் என்று தைரியமாகச் சொன்ன அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வாரத்தில் தைரியம் போய்விடும். பல பள்ளிகள் பயணத்துக்காக நீண்ட காலத்தைத் தருவதே இல்லை. குறுகிய காலத்தையும் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. கல்வி ஆண்டின் முதல் சில வாரமும் கடைசிச் சில வாரமும் கிடையாது என்று சொல்லும் பள்ளி மாவட்டங்கள் (ஒரு வட்டாரப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்) உண்டு.

கணக்கு எளிது. எண்ணுவது பள்ளி நாட்களைத்தான், காலண்டர் நாட்களை இல்லை. குளிர்கால விடுமுறை இரண்டு வாரம் தானாகவே வருகிறது. அதற்கு முன்னும் பின்னுமாக மூன்று வாரம் சேர்த்தால் 15 பள்ளி நாள். ஜனவரியின் மூன்றாவது திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள். அது பள்ளி நாள் இல்லை, ஒரு நாள் லாபம். ஐந்து வாரம் ஊரில் இருக்கலாம், பொங்கலையும் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் செப்டம்பரில் கல்யாணம் என்று மூன்று நாள் ஏற்கெனவே எடுத்திருந்தால் மிச்சம் 12 தான். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். என்னிடம் கேட்டால் கணினியில் பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

கல்யாணம் என்றதும் நினைவு வருகிறது. பண்பாட்டுச் சடங்கு, நிகழ்ச்சிக்காக எடுக்கும் விடுப்பு இப்போது சட்டப்படி காரணமுள்ள விடுப்புதான். சித்தி கல்யாணம், தீபாவளி இதெல்லாம் அதில் வரும். ட்ரூயண்ட் கடிதம் வராது. ஆனால் பிள்ளை வராத நாள் வராத நாள்தான்: பணம் கிடையாது, ஆண்டில் 10 சதவீத நாட்களை எட்டினால், அதாவது முழு ஆண்டுக்கு 18 நாள் எட்டினால், "நாள்பட்ட விடுப்பு" பட்டியலில் பெயர் ஏறும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் இதையே சொல்லிவிட்டுப் போங்கள், இண்டிபெண்டெண்ட் ஸ்டடிக்கு அலைய வேண்டாம். வெறும் சுற்றுலாவுக்கு இது பொருந்தாது. கல்யாணத்துக்குப் போகிறோம் என்று எழுதிவிட்டு, திங்களன்று பிள்ளையே வகுப்பில் டிஸ்னிலேண்ட் கதை சொன்னால் நாங்கள் என்ன செய்வது?

விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட 2025-26 முதல் இன்னொரு வழி திறந்திருக்கிறது. சனிக்கிழமையோ, பள்ளி முடிந்த பிறகோ ஆசிரியர் நடத்தும் வகுப்புக்கு வந்தால் ஆண்டுக்கு 10 நாட்கள் வரை மீட்டுக்கொள்ளலாம். இங்கே கடிகாரக் கணக்குதான்: அந்த வகுப்புக்குரிய ஒரு நாளின் அடிமட்ட நிமிடங்கள் சேர்ந்தால் ஒரு நாள். எல்லா மாவட்டமும் நடத்துவதில்லை, கேட்டுப் பாருங்கள். மூன்று நாள் போன அந்தக் கும்பகோணம் பிள்ளையின் காலத்தில் இது இல்லை.

கடைசியாக, 15 நாளில் அடங்காத பயணம். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், எப்போது திரும்புவோம் என்று தெரியாது என்று சிலர் வருவார்கள். அவர்களிடம் ஒப்பந்தம் எதையும் திணிப்பதில்லை. பள்ளியிலிருந்து பெயரை முறைப்படி எடுத்துக்கொண்டு, ஊரில் பக்கத்துப் பள்ளியில் கொஞ்ச நாள் உட்காரவைக்க முடிந்தால் வைத்துவிட்டு, வந்ததும் மறுபடி சேருங்கள் என்பேன். இதில் ஆபத்து ஒன்று இருக்கிறது. மூன்றாம் வகுப்பு வரை வகுப்புக்குச் சராசரி 24 பேர் என்று பள்ளிகள் பிடிவாதமாக வைத்திருக்கும், ஏனென்றால் அதற்கென்று தனிப் பணம் வருகிறது. நீங்கள் எழுந்த இடத்தில் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் பிள்ளை உட்கார்ந்துவிட்டால், திரும்பி வரும்போது உங்கள் பிள்ளைக்கு அதே மாவட்டத்தின் வேறு பள்ளியில்தான் இடம் கிடைக்கும். பெயரை எடுக்குமுன், "இந்த வகுப்புக்குக் காத்திருப்பில் எத்தனை பேர்?" என்று அலுவலகத்தில் கேளுங்கள். எண்ணைச் சொல்வார்கள். பூஜ்யம் என்றால் துணிந்து எடுக்கலாம். ஐந்து, ஆறு என்றால் அண்ணனும் தங்கையும் வேறு வேறு பள்ளிக்கு, வேறு வேறு நேரத்துக்குப் போவதை உங்களால் சமாளிக்க முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.